பல் பகுதியில் விட்டுக்கொடுத்த நம்பர்கள்

அந்த வருடம் எனக்கு எழுபத்து மூன்று வயது. வாயில் பத்தொன்பது பற்கள். மேலே எட்டு, கீழே பதினொன்று. நாக்கால் தடவி எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன் நான். இரணைமடுவிலும் சுற்றியுள்ள சின்னக் குளங்களிலும் தண்ணீர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் நிற்கிறது என்று பார்த்து எழுதுவதே அதில் பாதி வேலை. ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்குக் குளம் இல்லாமல் போனது. பழக்கம் போகவில்லை. எங்கள் கேற்றிலிருந்து கிணற்றுக்கு நடந்தால் நாற்பத்தொரு எட்டு. குசினி ஜன்னலில் ஒன்பது கம்பி. மனைவி ஒரு நாளில் என்னை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவது சராசரியாக நாற்பது தரம். அதில் குறைந்தது முப்பது ஏதாவது ஒன்றைத் தடுப்பதற்கு.

இப்படி எண்ணியே வாழ்ந்தவனுக்குக் கண்ணில் வெண்புரை விழுந்தது. முதலில் வயலில் நின்ற கொக்குகள் பதினான்காகத் தெரிந்தன. மனைவி ஏழு என்றா. கொக்கு எத்தனையாக இருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவவுக்குச் சீனி வருத்தம். காலையில் பதினெட்டு அலகு, பின்னேரம் பத்து அலகு என்று இன்சுலின் ஊசி போட வேண்டும். ஊசிக் குழலில் மயிர் போல இருக்கும் கோடுகளைப் பார்த்து மருந்தை இழுப்பது என் வேலை. அவவின் கண்ணையும் சீனி தொட்டுவிட்டது, கையும் நடுங்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் கடல் தாண்டி இருக்கிறார்கள். ஆக, அந்த வீட்டில் அந்தக் கோடுகளைப் பார்க்க இருந்தவை என் இரண்டு கண்கள்தான்.

ஒரு காலை நான் இழுத்த ஊசியைப் பார்த்துவிட்டு அவ கையை இழுத்துக்கொண்டா.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கென்ன கூடக் கிடக்கு?"

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு. பத்து கூட. அதை அப்படியே ஏற்றியிருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கி அவ மயங்கி விழுந்திருப்பா. அடுத்த நாளே கண் கிளினிக்குக்குப் போனேன்.

கண் டொக்டர் ஒப்பரேசனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். நாற்பத்து மூன்று நாள் கழித்து, ஒரு புதன்கிழமை. கூடவே ஒரு கடிதம். வாயில் சொத்தைப் பல், சீழ் ஒன்றும் இருக்கக் கூடாது. பல் டொக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்து இல்லாமல் வந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கண்ணில் கத்தி வைப்பார்கள் என்பது எனக்குப் பயமாக இருக்கவில்லை. பல் டொக்டர் என்ற சொல்லுக்குத்தான் பயந்தேன். கீழ் வலப்பக்கத்தில் ஒரு பல் நான்கு மாதமாக என்னோடு சண்டையில் இருந்தது. கராம்பு வைத்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, சோற்றைக் குழையவிட்டு இடப்பக்கமாகவே தின்று, அதோடு ஒரு மாதிரிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்தப் பயம் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இரண்டு பற்களைப் பிடுங்கிக்கொண்டவன்தான். ஒன்றை ஒரு மரத்தின் கீழ், விறைக்கிற மருந்து அரைகுறையாக இருந்த நேரத்தில். அப்போது பயந்ததாக நினைவில்லை. பயப்படுவதற்கு வேறு காரியங்கள் வரிசையில் நின்றன. பல்லின் முறை வரவேயில்லை. பல் டொக்டருக்குப் பயப்பட வேண்டுமென்றால் வீட்டுக்குக் கூரை இருக்க வேண்டும், றோட்டில் பஸ் ஓட வேண்டும், இரவில் ஒழுங்காகப் படுத்து நாளையைப் பற்றி யோசிக்க நேரம் இருக்க வேண்டும். அந்த வகையில் என்னுடையது நல்ல காலத்துப் பயம். அதற்காக அது சின்னப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குவது திங்களும் வியாழனும். நாற்பத்து மூன்று நாளில் பன்னிரண்டு தடவை வரும். பன்னிரண்டு என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தது. முதல் வியாழன் மழை. அடுத்த திங்கள் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். நம்பர் கொடுப்பதும் ஏழரைக்குத்தான்.

"எப்ப தொடக்கம் நீங்கள் ராகு காலம் பாக்கிறனீங்கள்?" என்று மனைவி கேட்டா.

"கண் விஷயமெல்லே," என்றேன்.

இரண்டாவது வியாழன் போனேன். ஆறாம் நம்பர் கிடைத்தது. பல் பகுதிக்கு முன்னால் மூன்று வாங்கு, வாங்குக்கு ஏழு பேர். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு இரும்பு இன்னொரு இரும்புத் தட்டில் விழும் ஓசை. அதை எண்ணத் தொடங்கினேன். பதினொன்றாவது ஓசையில் வாசல் எத்தனை எட்டு என்று பார்க்கத் தொடங்கினேன்.

அப்போது பக்கத்தில் இருந்த பெண் தன் நம்பர்த் துண்டை என்னிடம் காட்டினா.

"ஐயா, இது இருபத்து மூண்டுதானே? எத்தினை மணியாகும்?"

"பன்னிரண்டு ஆகும் பிள்ளை."

"ஐயோ. நான் பூநகரி. பதினொண்டரை பஸ்ஸை விட்டா மூண்டு மணிக்குத்தான் அடுத்தது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில விட்டிட்டு வந்தனான்."

அந்த நிமிடத்தில் என் மனதில் உண்மையாகவே இரக்கம் எழுந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் இரக்கத்துக்கு முன்னால் ஒரு அரை நொடி, இன்னொன்று எழுந்து துள்ளியது. என் கை தானாக நீண்டது.

"இந்தாரும் பிள்ளை, என்ர ஆறை எடும். நான் பக்கத்து ஆள்தானே."

அவ எழுந்து கும்பிட்டா. வாங்கில் இருந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். இருபத்து மூன்றாம் நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று வெளியே போனேன். தேத்தண்ணீர்க் கடையிலிருந்து பஸ் நிற்கும் இடம் பதினெட்டு எட்டு. ஆஸ்பத்திரி நூற்று நாற்பது. கால் கிட்டிய இடத்துக்குப் போனது.

"என்ன, கழட்டியாச்சோ?" என்று வீட்டில் கேள்வி.

"சரியான சனம். இருபத்து மூண்டாம் நம்பர்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அடுத்த திங்கள் நாலாம் நம்பரை ஒரு மீன்பிடிக்காரருக்குக் கொடுத்தேன். வியாழன் எட்டாம் நம்பர், ஒரு பள்ளிக்கூட ரீச்சருக்கு. அதற்குப் பிறகு நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. என்னைத் தேடி வந்தார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வாசல் காவலாளியே வழி சொல்லத் தொடங்கினார். "அந்தா வெள்ளைச் சட்டை ஐயா. அவரைக் கேளுங்கோ. தங்கமான மனிசன்." ஒரு நாள் நான் கொஞ்சம் பிந்திப் போனபோது, "என்ன ஐயா, இப்பதான் வாறியள்? ரெண்டு பேர் உங்களுக்காக நிக்கினம்," என்று கோபித்துக்கொண்டார்.

இப்படியே ஐந்து கிளினிக்கில் ஐந்து நம்பர். ஊருக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. அதற்கிடையில் வீட்டில் ஊசி போடுகிற நேரம் நீண்டுகொண்டே போனது. நான் குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் கோடுகளை எண்ணுவேன். பிறகு மனைவி ரோச் லைட் அடிப்பா. பிறகு திரும்பவும் முதலிலிருந்து. முன்பு ஒரு நிமிடம் எடுத்த காரியம் பதினொரு நிமிடமானது. அந்தப் பதினொரு நிமிடமும் அவ கையை நீட்டியபடி இருப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த தடவை கட்டாயம் பல் டொக்டரின் கதிரையில் ஏறிவிடுவது என்று முடிவெடுப்பேன். அந்த முடிவு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என்னோடு வரும்.

பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் சைக்கிள் ஒன்று கேற்றில் நின்றது. அந்தப் பூநகரிப் பெண்ணும் புருஷனும். கையில் ஒரு பை.

"ஐயா வீடு இதுதானோ? காவலாளி அண்ணை வழி சொன்னவர்," என்றா அந்தப் பெண். மனைவியைக் கண்டதும் இன்னும் உற்சாகம். "அம்மா, ஐயா எனக்கு மட்டுமில்லை, கிளினிக் நாளெல்லாம் ஆருக்காவது நம்பரை விட்டுக் குடுக்கிறாராம். ஐஞ்சு பேருக்கு. எங்கட பக்கத்தில ஐயாவைப் பற்றித்தான் கதை. இது இவர் இண்டைக்குப் பிடிச்ச நண்டு."

மனைவி அவர்களை இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, குழந்தையைப் பற்றி விசாரித்து, கேற் வரைக்கும் போய் வழியனுப்பினா. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை நான் நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து பையைத் திறந்து பார்த்தா.

"நல்ல நண்டு. உங்களுக்குக் கடிக்கத்தான் ஏலாது."

நான் பைக்குள் எட்டிப் பார்த்து நண்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

"ஐஞ்சு நம்பரோ?"

"நாலு. அஞ்சாவது நான் குடுக்கேல்லை. அவையாத்தான் கேட்டு வாங்கினவை."

"ஓ."

"தூர இடத்துச் சனமப்பா. பஸ் இல்லை."

"ஓம். பாவங்கள்." நண்டுகளைச் சட்டிக்குள் கொட்டினா. பன்னிரண்டு இருந்தன. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னா: "எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் குத்திறியள். நான் ஒருநாளும் என்ர நம்பரை ஆருக்கும் குடுக்கேல்லை."

சட்டியிலிருந்து வெளியே ஏறிய ஒரு நண்டை நான் உள்ளே தள்ளிவிட்டேன்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றா.

"நாளைக்குத் திங்கள். ராகு—"

"ராகுவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

திங்கள் காலை நான் வேட்டியை மூன்று தரம் மாற்றிக் கட்டினேன். பஸ்ஸைத் தவறவிட்டோம். போய்ச் சேர்ந்தபோது கிடைத்தது இருபத்தேழாம் நம்பர். என் கெட்டித்தனம் என்று நினைக்க வேண்டாம். அரைவாசிதான் என் கெட்டித்தனம். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "என்ன செய்யிறது, இண்டைக்கும் கஷ்டம்தான்," என்றேன்.

அப்போது முன் வாங்கிலிருந்து ஒரு குரல். "ஐயா வந்திருக்கிறார்!"

ரீச்சர். இன்னொரு பல்லுக்காக வந்திருந்தா, கையில் இரண்டாம் நம்பர்.

"ஐயா, நீங்கள் இன்னும் காட்டவே இல்லையோ? எங்களுக்கெல்லாம் குடுத்துக் குடுத்து, உங்கட பல்லை மறந்திட்டியளே. இந்தாங்கோ, என்ர ரெண்டைப் பிடியுங்கோ."

"வேண்டாம் ரீச்சர், உங்களுக்கு வகுப்பு—"

"வகுப்பு கிடக்கட்டும்."

ஒன்றாம் நம்பர்க்காரர் எழுந்தார். நான் ஒருநாளும் பார்த்திராத மனிதர். "ரெண்டென்ன, முதலாவதாப் போகட்டும். நான் ஐயாவைப் பற்றிக் கேள்விப்பட்டனான்." காவலாளி வந்து என் தோளில் கை வைத்துக் கதவு வரைக்கும் கூட்டிப்போனார். அவ்வளவு அன்பாக ஒரு மனிதனை யாரும் பிடித்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். மனைவி வாங்கில் இருந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தா.

பல் டொக்டர் என் மகளைவிட இளமையான பெண். கதிரையில் சாய்ந்ததும் மேலே ஒரு விளக்கு. விளக்கில் ஐந்து பல்ப். என் கண்ணுக்குப் பத்து.

"ஐயா, என்ன முணுமுணுக்கிறியள்? மந்திரமோ?"

"எண்ணுறன் டொக்டர்."

"எதை?"

"பல்லை. பத்தொன்பது கிடக்கு. கழட்டின பிறகு பதினெட்டு இருக்க வேணும். கூடக் குறையக் கூடாது."

அவ சிரிக்காமல் ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுத் தானும் எண்ணினா. "பதினெட்டுத்தான் இருக்கு ஐயா. மேல கடைசியில நீங்கள் பல்லெண்டு நினைக்கிறது கட்டிப்போன முரசுத் தசை."

வாய்க்குள் ஒருவருடைய விரல் இருக்கும்போது கணக்கை வாதாட முடியாது. முயன்றேன். அந்த வாதத்தின் நடுவில்தான் ஊசியைக் குத்தியிருக்கிறா. தினமும் இரண்டு தரம் ஊசி போடுகிறவன் நான். ஊசியின் மற்றப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் தெரிந்தது. ஏழு நிமிடம் கழித்து ஏதோ ஒன்று தட்டில் விழுந்தது.

"முடிஞ்சுது."

"என்னது?"

"பல்லு."

இவ்வளவுதானா என்று நினைத்துச் சந்தோஷப்படுவதற்குள் டொக்டர் மற்றதைச் சொன்னா. முன்னால் இன்னொரு பல்லும் அடியில் பழுதாம். இந்தப் புண் ஆறிய பிறகு, இந்த வியாழன் போய் அடுத்த வியாழன், அதையும் கழற்றினால்தான் கையெழுத்து வைக்க முடியும். "அதைத் தாண்டி விடாதேங்கோ ஐயா. பிறகு வாற திங்கள் பௌர்ணமிப் போயா லீவு. அதுக்குள்ள உங்கட கண் ஒப்பரேசன் நாள் வந்திடும்."

பன்னிரண்டு கிளினிக் என்று எண்ணியபோது போயாவை எண்ண மறந்திருந்தேன். பதினொன்றுதான். பத்து நாளில் என்ன பயம் போய்விடுமா? முதலாவது பல்லுக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் பயந்தேன். இரண்டாவது பல்லுக்குத் தெரிந்தே பயந்தேன். இதுதான் வித்தியாசம்.

அந்த வியாழன் வயலுக்கு வெட்டு மெஷின் வருகிற நாள். மனைவியால் வர முடியவில்லை. கேற்றில் நின்று, "நான் வரேல்லை எண்டதுக்காகத் தான தருமம் ஒண்டும் செய்ய வேண்டாம்," என்று மட்டும் சொன்னா. அன்று காலை ஊசிக்குப் பதினாறு நிமிடம் எடுத்திருந்தது. இருவருமாக மூன்று தரம் சரிபார்த்தும், குத்தி முடித்த பிறகும் நான் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது ஐந்தாம் நம்பர். வாங்கில் இருந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, காவலாளி ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. இருபத்தைந்தாம் நம்பர்.

"ஐயா, இந்தத் தங்கச்சியும் பூநகரி," என்றார் காவலாளி. மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்ற நம்பிக்கை.

என் கை பாதி தூரம் போய்விட்டது. கதவுக்கு உள்ளே இரும்பு விழும் ஓசை கேட்டது. கை இன்னும் கொஞ்சம் போனது. கடைசியில் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, இண்டைக்கு ஏலாது."

காவலாளி என்னை வேறு யாரோ என்று நினைத்தவர் போலப் பார்த்தார். அந்தப் பெண், "பரவாயில்லை ஐயா," என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு சொன்னா. அந்தப் பரவாயில்லையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"பிள்ளை, உண்மையைச் சொல்லுறன். இவ்வளவு நாளும் நான் குடுத்தது இரக்கத்தில இல்லை, பயத்தில. உள்ள போகப் பயம். இண்டைக்கும் பயம்தான். ஆனா இண்டைக்குக் கையெழுத்து வாங்காட்டி என்ர கண் ஒப்பரேசன் போயிடும். கண் இல்லாட்டி மனிசிக்கு ஊசி அளக்க ஏலாது."

முதலில் சிரித்தது காவலாளி. பிறகு வாங்கு முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணும் வீங்கிய கன்னத்தோடு சிரித்து, "ஐயோ, நோகுது," என்றா. தங்கமான மனிதன் என்று நாலு கிழமையில் சேர்த்த பெயர் அரை நிமிடத்தில் போனது. போனபோது எதிர்பார்த்த அளவுக்கு வருத்தமாக இருக்கவில்லை.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். எனக்கு இடப்பக்கத்தில், பளையிலிருந்து வந்த ஒரு பென்சன்காரர். கையில் ஏழாம் நம்பர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"பரவாயில்லை தங்கச்சி. என்ர நம்பரை எடுங்கோ. எனக்கு ஒண்டும் அவசரமில்லை."

நல்ல கம்பீரமான குரல். ஆனால் துண்டை நீட்டிய வேகம் இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த வேகம். அந்தப் பெண் வாங்கியதும் அவர் முகத்தில் ஐந்து வயது குறைந்தது. செருப்பைக் காலில் மாட்டினார்.

"அண்ணை," என்றேன் மெதுவாக, "வாற திங்கள் போயா. வியாழன் வாங்கோ."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். வாங்கிலிருந்து கதிரைக்குப் பன்னிரண்டு எட்டு. இந்தத் தடவை எண்ணத்தான் முடிந்தது. தைரியமாக நடந்தேன் என்று சொல்ல முடியாது. பிடுங்கிய பிறகு டொக்டர் கடிதத்தைக் கதிரைக் கையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "இனிப் பதினாறு, ஐயா. சரிதானே?" என்றா. வாய் நிறையப் பஞ்சு. தலையை ஆட்டி ஒத்துக்கொண்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஃபோன் அடித்தது. மனைவி. பின்னால் வெட்டு மெஷினின் இரைச்சல்.

"முடிஞ்சுதோ?"

"ம்."

"வாய் விறைச்சிருக்கும், கதைக்காதேங்கோ. நான் கேக்கிறன். ஓமெண்டா ஒருக்கா ம் சொல்லுங்கோ. இல்லையெண்டா ரெண்டு தரம். பல்லைக் கழட்டியாச்சோ?"

"ம்."

"டொக்டர் கையெழுத்து வைச்சவாவோ?"

"ம்."

"கடிதம் கையில கிடக்கோ?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. "ம்."

அவ பெருமூச்சு விடுவது மெஷின் சத்தத்துக்குள்ளும் கேட்டது. பிறகு, "அழுதனீங்களோ?" என்றா.

"ம்," என்றேன். சிறிது யோசித்து இன்னொரு "ம்" சேர்த்தேன்.

"அதென்ன, ரெண்டுக்கும் நடுவில இவ்வளவு நேரம்?"